நைட்ரஜன் இணைப்புள்ள ரியாக்டருக்குள் ஆள் இறங்க மூடிய வால்வு மட்டும் போதுமா?

தென்பெண்ணை (கேள்வி):

வணக்கம். மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையில் நான்கு மாதங்களுக்கு முன்பு ஷிப்ட் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். எங்களுடைய 6,000 லிட்டர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ரியாக்டரின், அதாவது வேதிவினை நடக்கும் பாத்திரத்தின், உட்சுவரில் படிந்திருக்கும் கட்டியைச் சுரண்டி எடுக்க, வரும் வியாழக்கிழமை ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. முந்தைய பேட்ச் டோலுயீன் என்ற தீப்பற்றும் கரைப்பானில் ஓடியது. கழுவி, நீராவி விட்டு, காற்று ஊதி முடித்துவிடுவோம்.

என் கவலை நைட்ரஜன் குழாயைப் பற்றியது. அதில் ஒரே ஒரு பால் வால்வுதான் (உருண்டையைத் திருப்பி மூடும் வால்வு) இருக்கிறது. அதை மூடிப் பூட்டுப் போட்டால் போதும், பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) தேவையில்லை, பத்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம் என்று மூத்த சக ஊழியர் சொல்கிறார். மீட்டரில் ஆக்சிஜன், வழக்கமான காற்றில் உள்ளதுபோல, 20.9 விழுக்காடு காட்டினால் பெர்மிட்டில் (உள்ளே இறங்குவதற்கான அனுமதிச் சீட்டில்) கையெழுத்திடலாம் என்பதும் அவர் கருத்து. பிளைண்ட் போட்டால் அரை நாள் உற்பத்தி தள்ளிப்போகும் என்று மேலாளர் வருத்தப்படுகிறார். கையெழுத்திட வேண்டியவன் நான் என்பதால் கேட்கிறேன்: நான் பிடிவாதம் பிடிப்பது சரியா?

பழைய பாதுகாப்பு அலுவலர் (பதில்):

சரிதான், கையெழுத்திடாதீர்கள். பூட்டுப் போட்ட வால்வை யாரும் திறக்க முடியாது என்பது உண்மை. ஆனால் உள்ளே சீட் (உருண்டை அழுந்தி மூடும் வளையம்) தேய்ந்திருந்தால் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே வாயு கடந்து போய்க்கொண்டிருக்கும். பால் வால்வு பாஸ் ஆகிறதா, அதாவது மூடியும் கசிகிறதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 லிட்டர் நைட்ரஜன் கசிகிறது, உள்ளே ஊதுகாற்று இல்லை, வாயு சீராகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் 6,000 லிட்டர் பாத்திரத்தில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து பாதுகாப்பின் கீழ் எல்லையான 19.5 விழுக்காட்டுக்கு இறங்க எட்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் அது 10 விழுக்காட்டுக்கு வந்துவிடும், அந்த அளவில் மனிதர் நினைவிழக்கலாம். காலை 9 மணிக்கு நீங்கள் எடுத்த 20.9 அந்த நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. 10 மணிக்கு ஆள் உள்ளே இருக்கும்போது அது வெறும் காகிதம்.

நைட்ரஜனின் கொடுமை அது மூச்சுத் திணறலைத் தருவதில்லை என்பதுதான். நமக்கு மூச்சு முட்டுவது உடம்பில் கரியமில வாயு சேர்வதால். ஆக்சிஜன் குறைவதால் அல்ல. நைட்ரஜனைச் சுவாசிப்பவர் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சரிந்து விழுவார். அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் நடந்த 85 நைட்ரஜன் விபத்துகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 80 பேர் இறந்திருந்தார்கள். 2005 நவம்பர் 5 அன்று அந்நாட்டின் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த ரியாக்டருக்குள் விழுந்துகிடந்த ஒரு டேப் சுருளை எடுக்கப்போன ஒப்பந்தத் தொழிலாளரும், அவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் இறந்தார்கள். அன்றைய பெர்மிட்டில் நைட்ரஜன் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று குறிக்கப்பட்டிருந்தது.

அரை நாள் கணக்கு எனக்குப் புரியவில்லை. வால்வுக்கும் ரியாக்டர் நாசிலுக்கும் (குழாய் வந்து சேரும் வாய்) இடையே கழற்றக்கூடிய ஸ்பூல் துண்டு (சிறு குழாய்த் துண்டு) இருந்தால், அதைக் கழற்றி எடுத்துவிட்டு, நைட்ரஜன் வரும் முனையை பிளைண்ட் ஃபிளாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். இரண்டு ஃபிட்டர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பார்கள். இரண்டு வால்வுகளும் அவற்றின் நடுவே திறந்த வென்ட்டும் (வாயு வெளியேறும் வழி) உள்ள அமைப்பையும் பல விதிமுறைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஒற்றை வால்வை அவை ஏற்பதில்லை.

கருவிப்பிரிவுக்காரன் (பதில்):

மேலே சொன்னவற்றோடு மீட்டரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஆலைகளில் புழங்கும் பெரும்பாலான எல்.இ.எல். உணரிகள் (தீப்பற்றும் வாயுவின் அளவைக் காட்டுபவை) வாயுவைத் தம் உள்ளிருக்கும் சிறு மணி போன்ற உருண்டையின் மேல் எரித்து அளப்பவை. எரிய ஆக்சிஜன் வேண்டும். பாத்திரத்தில் நைட்ரஜன் நிறைந்திருந்தால், டோலுயீன் ஆவி எவ்வளவு இருந்தாலும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். ஆகவே முதலில் ஆக்சிஜன், பிறகு தீப்பற்றும் வாயு, அதன் பிறகு நச்சு வாயு என்ற வரிசையில் பாருங்கள். மேன்ஹோல் வாயிலில் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். டோலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, அடியில் படியும். குழாயை விட்டு மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். இறங்குபவரின் சட்டையில் இன்னொரு மீட்டர் ஓடிக்கொண்டிருப்பது அவசியம்.

அஜிடேட்டரையும் (உள்ளே சுழலும் கலக்கி) மறந்துவிடாதீர்கள். பட்டனை நிறுத்துவது போதாது, எம்.சி.சி.யில் (மோட்டார்களின் மின்கட்டுப்பாட்டுப் பலகை) ஃபியூஸைக் கழற்றிப் பூட்டி, பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்த மேற்பார்வையாளர் (பதில்):

உள்ளே இறங்குபவர்கள் எங்கள் ஆட்கள் என்பதால் எழுதுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வெளியே நிற்க வேண்டிய ஸ்டாண்ட்பை ஆளைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை, அதனாலேயே மறுநாளும் அனுப்பினார்கள். நாங்கள் சண்டை போட்ட பிறகுதான் அது நின்றது. உள்ளே இருப்பவர் விழுந்தால் ஸ்டாண்ட்பை ஆள் இறங்கக் கூடாது, ஹார்னஸில் (உடலில் அணியும் வார்ப்பட்டை) கட்டிய கயிற்றை ட்ரைபாடிலிருந்து (வாயிலின் மேல் நிற்கும் முக்காலி) இழுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நண்பன் விழுந்துகிடப்பதைப் பார்த்தவுடன் எவருக்கும் கால் தானாக ஏணியில் போய்விடுகிறது. அமெரிக்காவின் நியாஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் விடுத்த எச்சரிக்கையின்படி, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மீட்கப் போனவர்கள்.

அண்மைக்காலம் வரை இருந்த சட்டத்தையும் உங்கள் மேலாளரிடம் காட்டலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, தகுதியுள்ளவர் தாமே சோதித்துப் பார்த்ததன் அடிப்படையில் எழுத்துமூலம் சான்று தர வேண்டும், இல்லையேல் இறங்குபவர் மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும் என்றது. வேறொருவர் எடுத்துத் தந்த எண்ணின் கீழ் கையெழுத்திடுவது அந்தச் சொற்களுக்கு ஒத்துவராது. தக்க பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல், உள்ளே கொண்டுபோகும் மின் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 36ஏ பிரிவிலும் இருந்தது.

பழைய பாதுகாப்பு அலுவலர் (மீண்டும்):

'பத்து ஆண்டுகளாக இப்படித்தான்' என்பவருக்கு ஒரு பதில். நச்சு வாயு விபத்து நடந்த போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் போனதற்கு, குழாய் கழுவும்போது பிளைண்ட் போடாததே காரணம் என்று ஒரு தரப்பும், நாசவேலை என்று நிறுவனமும் இன்றுவரை மோதுகின்றன. எது உண்மையானாலும், ஒரு தகடு அந்த வழியில் இருந்திருந்தால் முதல் தரப்பு சொல்லும் கதைக்கே இடமிருந்திருக்காது.

தென்பெண்ணை (கேட்டவர்):

அனைவருக்கும் நன்றி. குழாயைப் போய்ப் பார்த்தேன். நாசிலுக்கு மேலே 300 மி.மீ. ஸ்பூல் துண்டு இருக்கிறது. இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் எடுத்துவிடலாம். வியாழன் காலை 7 மணிக்கே ஃபிட்டர்களை வரச் சொல்லியிருக்கிறேன். வால்வை மூடிவிட்டு ஸ்பூலைக் கழற்றியதும் வாயு வருகிறதா என்று சோப்பு நீர் வைத்துப் பார்த்து, கிடைப்பதை இங்கே எழுதுகிறேன். எங்கள் ட்ரைபாடின் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்டதற்குத்தான் ஸ்டோரில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.