கல்யாண டிவிடி: எந்த ஃபார்மட்ல வச்சா நிக்கும்?

கேசட்பிரியன்:
"டிவிடி எல்லாத்தையும் எச்.265க்கு மாத்திட்டு தட்டைத் தூக்கிப் போடுங்க, தரம் துளிகூடக் குறையாது"ன்னு வடபழனிவாசி நேத்து எழுதியிருக்கார். துளிகூடவா? எச்.265ங்கறது வீடியோவை அமுக்கிச் சின்னதாக்கற புது முறை. டிவிடில இருக்கறதே எம்பெக்-2ங்கற பழைய முறைல ஏற்கனவே அமுக்கின வீடியோ. அதையே திரும்ப அமுக்கினா குறையாம என்ன செய்யும்? தட்டுல வீடியோ இருக்கற விஓபி ஃபைல்ல இருந்து அதை அப்படியே எடுத்து எம்கேவிங்கற பொதி ஃபைலுக்குள்ள வைங்க. என்கோட் பண்ணவே, அதாவது திரும்ப அமுக்கவே வேண்டாம்.

வடபழனிவாசி:
40 தட்டு மாத்தினவன் சொல்றேன். 4.3 ஜிபி 900 எம்பி ஆச்சு. 42 இன்ச் டிவில போட்டுப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

கேசட்பிரியன்:
உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா குறையலைன்னு ஆயிடுமா? எங்க அக்கா கல்யாணம், 2006. தாலி கட்டற நேரம் அட்சதை பறக்கும் பாருங்க, அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தேன். மூலத்துல அரிசி தனித்தனியாத் தெரியுது. எச்.265ல மாப்பிள்ளை தோள் மேல மஞ்சளா ஈஷின மாதிரி கிடக்கு.

வடபழனிவாசி:
கல்யாண வீடியோவை யாரு சார் நிறுத்தி நிறுத்திப் பாக்கறா? தரத்தை முடிவு பண்ற சிஆர்எஃப் எண்ணை 28லயே விட்டிருப்பீங்க. எண் குறைஞ்சா தரம் கூடும். 18 வச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாது.

கேசட்பிரியன்:
18 வச்சா ஃபைல் பெருத்துடும். அப்புறம் 900 எம்பின்னு பெருமை பேச முடியாது. இன்னொண்ணு, நம்ம ஊர் தட்டு பால் (PAL) டிவி முறை, இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு படமும் ஃபீல்டுங்கற ரெண்டு பாதியா வரும், வினாடிக்கு 50 ஃபீல்டு. அதை 25 முழுப் படமா (ஃபிரேம்) மாத்தி வச்சா பாதி அசைவு போச்சு, திரும்ப வராது. அந்த 40 தட்டையும் எப்படி மாத்தினீங்க?

வடபழனிவாசி:
கண்ணுக்குத் தெரியாததைப் பத்தி எத்தனை தடவை கேப்பீங்க?

ஈரோட்டுக்காரி:
எம்பெக்-2 1990கள்ல வந்ததாச்சே, இன்னும் 20 வருஷம் கழிச்சு ஓடுமா? என் போன்ல இப்பவே ஓடல.

கேசட்பிரியன்:
ஓடும்மா. அமெரிக்காவுல அதோட காப்புரிமை 2018லயே முடிஞ்சாச்சு. அதை ஓட்டற விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் ரெண்டும் திறந்த மூலம். எம்கேவியும் 2024ல ஆர்எஃப்சி 9559ன்னு முறையான இணையத் தரநிலையா வந்தாச்சு. எச்.265க்குத்தான் காப்புரிமை வச்சிருக்கறவங்க காசு கேக்கறாங்க. போன்ல பாக்க ஒரு சின்ன பிரதி தனியாப் போட்டுக்கோங்க, மூலத்தைத் தொடாதீங்க.

தட்டுமன்னன்:
2019ல "தங்கநிற தட்டு வாங்குங்க, நூறு வருஷம் நிக்கும்"னு இங்கே சொன்னது இதே கேசட்பிரியன்தான். 25 வாங்கினேன். 11 இப்போ படிக்கவே மாட்டேங்குது.

கேசட்பிரியன்:
ஓட்டு வீட்ல பரண் மேல வச்சேன்னு அப்பவே நீங்கதான் எழுதினீங்க. சித்திரை வெயில்ல எந்தத் தட்டு தாங்கும்?

தட்டுமன்னன்:
வெயில் படக்கூடாதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

வடபழனிவாசி:
இவர் பேச்சைக் கேட்டு ஏமாந்தவங்களும் இருக்காங்க போல. சரி, அட்சதை அட்சதைன்னு சொல்றாரே, அந்த கிளிப்பை இங்கே போடச் சொல்லுங்க.

கேசட்பிரியன்:
குடும்ப வீடியோவை எதுக்கு ஊருக்குப் போடணும்? உங்க 40 தட்டுல ஒரு அட்சதை சீனை எடுங்க, மூலத்தையும் மாத்தினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

வடபழனிவாசி:
மூலம் ஏது? தட்டைத்தான் தூக்கிப் போட்டாச்சே.

கேசட்பிரியன்:
அதான் கண்ணுக்குத் தெரியல!

வடபழனிவாசி:
900 எம்பி. 42 இன்ச். நல்லாவே தெரியுது.