ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வாய்ட்’: அம்மா சூனியம் என்கிறார், யாராவது விளக்குங்களேன்

சேண்பாக்கத்துப் பெண்:
வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று போன வாரம் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்லி ஒருமுறை பார்த்தார்கள். பாத்ரூம் போய்விட்டு வந்ததும் மறுபடி பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ‘ப்ரீ வாய்ட் (void) 340 மி.லி., போஸ்ட் வாய்ட் 35 மி.லி.’ என்று இருக்கிறது. டாக்டருக்கு சனிக்கிழமைதான் டோக்கன்.

அதற்குள் நான் செய்த தப்பு, ‘வாய்ட்’ என்றால் என்ன என்று அகராதியைத் திறந்தது. வெறுமை, வெற்றிடம், பாழ், சூனியம் என்று இருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டேன். கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா, “நான் அப்பவே சொன்னேன், பங்காளி வீட்டு வேலைதான் இது” என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாளாக வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது.

எங்கள் வாடகை ஒப்பந்தத்திலும் ‘நல் அண்ட் வாய்ட்’ (null and void) என்று ஒரு வரி இருக்கிறது. தம்பியின் ‘சி’ என்கிற கம்ப்யூட்டர் மொழி ப்ரோக்ராம் நோட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் வாய்ட். எல்லாம் ஒரே வார்த்தைதானா?

காட்பாடி, ஓய்வுபெற்ற நர்ஸ்:
அம்மாவை முதலில் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைக்கச் சொல்லும்மா. ரிப்போர்ட்டில் இருப்பது வெறுமை இல்லை, காலி செய்தல். சிறுநீர் கழிப்பதைத்தான் மருத்துவத்தில் வாய்ட் என்பார்கள். ‘ப்ரீ வாய்ட்’ என்றால் போவதற்கு முன் சிறுநீர்ப் பையில் இருந்த அளவு, ‘போஸ்ட் வாய்ட்’ என்றால் போன பிறகு மிச்சம் நின்றது. 340 இருந்து 35 மிஞ்சியிருக்கிறது. 50 மி.லி.க்குள் இருந்தால் பை நன்றாகக் காலியாகிறது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 200-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் அடிக்கடி வருவதற்கு சர்க்கரை, கிருமித்தொற்று என்று வேறு காரணமும் இருக்கலாம், அதனால் சனிக்கிழமை போவதை விட்டுவிடாதே.

வார்டில் “வாய்ட் பண்ணிட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டால் பாட்டிகள் முழிப்பார்கள். “ஒண்ணுக்குப் போனீங்களா பாட்டி?” என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். நாற்பது வருடம் அந்த மொழிபெயர்ப்புதான் என் வேலை.

ஆற்காடு, பத்திர எழுத்தர்:
ஒப்பந்தத்தில் இருப்பது வேறு சங்கதி. அங்கே வாய்ட் என்றால் ‘செல்லாது’. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்றச் சொல்ல முடியாத உடன்பாட்டைத்தான் வாய்ட் என்கிறது. ஸ்டாம்பு பேப்பர், கையெழுத்து, சாட்சி எல்லாம் இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அங்கே எதுவும் இல்லை. 18 வயது ஆகாதவர் போட்ட கையெழுத்து இந்த வகை. 1903-ல், அன்றைக்கு லண்டனில் நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், மோஹரி பீபி வழக்கில், அது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ‘நல் அண்ட் வாய்ட்’ என்பதில் இரண்டும் ஒரே பொருள்தான். பழைய வக்கீல்களுக்கு ஒன்றை இரண்டாக எழுதினால்தான் திருப்தி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று ‘வாய்டபிள்’. மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கினால் அது தானாகச் செல்லாமல் போகாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அந்த ரத்து செய்வதற்கு ஆங்கிலச் சட்ட நடையில் ‘அவாய்ட்’ என்றே எழுதுவார்கள். அதுவும் வாய்டின் வயிற்றில் பிறந்த சொல்தான். ஒரு கட்சிக்காரர் அதைத் ‘தவிர்’ என்று படித்துவிட்டு, ஒப்பந்தம் பக்கமே போகாமல் ஆறு மாதம் ஒளிந்திருந்தார்!

தம்பி (அதே வீடு):
நான்தான் அந்தத் தம்பி. சி-யில் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் ப்ரோக்ராம் துண்டு) முன்னால் வாய்ட் போட்டால், அது வேலையைச் செய்யும், திரும்ப விடை எதையும் தராது. பாயின்டர் என்பது மெமரியில் ஓர் இடத்தைக் காட்டுவது. ஆனால் ‘வாய்ட் பாயின்டர்’ காலி கிடையாது. என்ன வகைச் சரக்கைக் காட்டுகிறது என்று சொல்லாத பாயின்டர், அவ்வளவுதான். எதையுமே காட்டாதது ‘நல் பாயின்டர்’. ஒப்பந்தத்தில் நல்லும் வாய்டும் ஒன்று, இங்கே இரண்டும் வேறு. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இதில்தான் மாட்டினேன்.

வாணியம்பாடி, நட்சத்திரம் பார்ப்பவன்:
வானத்திலும் வாய்ட் உண்டு. விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸி) ஏறக்குறைய இல்லாத பெரும் பரப்பு. 1981-ல் பூட்டீஸ் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் கண்ட ஒன்று சுமார் 33 கோடி ஒளியாண்டு அகலம். அதற்குள்ளும் சில பத்து மண்டலங்கள் உண்டு, உங்கள் அம்மாவின் 35 மி.லி. மாதிரி. எங்கள் ஜவ்வாது மலை காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, ஏதோ அதனால் வந்த ஆர்வம்.

வேலூர் பழசு:
1981 என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் வரும் ‘இல்லாத’தான் ஆங்கிலத்தில் ‘டிவாய்ட் ஆஃப்’. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெகுகாலம் வெறும் கட்டடமாகத்தான் நின்றது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ல்தான் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். சொலவடையில் ஒரு வரி அன்றைக்கே வாய்ட் ஆகிவிட்டது. பாலாறு மட்டும் இன்னும் பெரும்பாலும் அப்படியே.

எனக்குத் தோன்றுவது: வெறுமை என்று நாம் தனியாகச் சொல்லிவிடுவோம். இந்தச் சொல்லைப் பார்த்தால் ‘எது இல்லை’ என்று கேட்க வேண்டும். சிறுநீரா, சட்ட பலமா, திரும்ப வரும் விடையா, சாமியா? அது தெரிந்தால் தமிழ் தானாக வந்துவிடும்.

சேண்பாக்கத்துப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அம்மா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். “அப்ப ஒண்ணுக்குத்தான் இவ்வளவு இங்கிலீஷா?” என்று கேட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தைச் சாதத்தில் பிழிந்துவிட்டார். சனிக்கிழமை டாக்டர் டோக்கன் இருக்கிறது. வரும் வழியில் ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு அர்ச்சனையும் உண்டாம், பங்காளி வீட்டைச் சந்தேகப்பட்டதற்கு.