‘ஆழ்மனத் தன்மதிப்பு’ வேண்டாம், ‘உள்ளுறைத் தன்மதிப்பு’ எனலாம்

வணக்கம்.

உளவியலில் ‘இம்ப்ளிசிட் செல்ஃப்-எஸ்டீம்’ என்றொரு கருத்துரு உண்டு: ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பு, அவர் அறியாமலே அவருடைய விருப்பு வெறுப்புகளில் வெளிப்படுவது. நம் கலைச்சொல் இழையில் அதற்கு ஐயா ‘ஆழ்மனத் தன்மதிப்பு’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். சொல்லின் பின்பாதி எனக்கு முழு உடன்பாடு. முன்பாதியை ஏற்க மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

பின்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். இழையில் சுயமரியாதை, தன்மானம், தன்மதிப்பீடு என்று மூன்று மாற்றுகள் வந்தன. தன்மானம் பிறர் முன்னிலையில் புண்படுவது. ஒருவர் தனியே இருக்கும்போது தம்மை எப்படிக் கருதுகிறார் என்பதை அது சொல்லாது. தன்மதிப்பீடு ஒரு செயல்: நம் வேலையை நாமே சோதித்துப் பார்ப்பது. சுயமரியாதைக்கு 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கம் ஒரு தனி வரலாற்றையே கொடுத்துவிட்டது. அது சமூகத்திடம் உரிமையோடு கேட்டுப் பெறுவது. நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசன்பர்க் தன்மதிப்பை அளக்க 1965-இல் வெளியிட்ட பத்துக் கூற்று அளவுகோலில், தன் மீதே தனக்கு இன்னும் மரியாதை இருந்திருக்கலாமே என்று ஏங்கும் கூற்று ஒன்று வருகிறது. முழு அளவுகோலுக்கும் ‘சுயமரியாதை’ என்று பெயர் வைத்துவிட்டால் அந்த ஒரு கூற்றை எப்படி மொழிபெயர்ப்பது? ‘மதிப்பு’ என்ற சொல்லிலோ கணக்கிடுவதும் உண்டு, உயர்வாகக் கருதுவதும் உண்டு. ‘எஸ்டீம்’ பிறந்த இலத்தீன் வேரிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தன்மதிப்பே சரி.

இனி ஆழ்மனம். இந்தச் சொல்லைக் கேட்டதும் ஃபிராய்டும், அடக்கி வைத்த ஆசையும், கனவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கருத்துருவை 1995-இல் வரையறுத்த உளவியலாளர்கள் கிரீன்வால்டும் மஹ்ஸரின் பானாஜியும் அப்படிப்பட்ட ஒரு நிலவறையைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் சொன்னதன் சாரம் இது: ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மனப்பாங்கு, தம்மோடு சேர்ந்த பொருள்களையும் சேராத பொருள்களையும் அவர் எடைபோடும் விதத்தைப் பாதிக்கிறது, அந்தப் பாதிப்பை அவரால் அகநோக்கில் இனங்காண முடிவதில்லை, அல்லது தவறாக இனங்காண்கிறார். இங்கே கண்ணுக்குப் படாமல் போவது பாதிப்புதான். மதிப்பும் நனவுக்கு எட்டாதது என்று அந்த வரையறை சொல்லவே இல்லை. தம்மைத் தமக்குப் பிடிக்கும் என்று நன்றாகவே அறிந்த ஒருவருக்கும், ஒரு குறிப்பிட்ட எழுத்து தமக்கு ஏன் பிடிக்கிறது என்பது தெரியாமலிருக்கலாம்.

எழுத்து என்று சொன்னது உவமைக்காக அன்று. பெல்ஜிய உளவியலாளர் நட்டின் 1985-இல் காட்டியது அதைத்தான்: தம் பெயரில் உள்ள எழுத்துகளை மக்கள் மற்ற எழுத்துகளைவிடக் கூடுதலாக விரும்புகிறார்கள். பெயர்தான் காரணம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 2000-இல் கிரீன்வால்டும் ஃபார்ன்ஹாமும் செய்த சோதனை வேறு வகை. திரையில் தோன்றும் சொற்களை விசைப்பலகையின் இரண்டு விசைகளால் விரைந்து பிரிக்க வேண்டும். ‘நான்’ சார்ந்த சொல்லும் இனிய சொல்லும் ஒரே விசைக்கு வரும்போது ஒருவர் எவ்வளவு வேகம், ‘நான்’ இனிமையற்ற சொல்லோடு சேரும்போது எவ்வளவு தயக்கம் என்று மில்லிநொடிக் கணக்கில் வேறுபாடு பார்க்கிறார்கள். இரண்டிலுமே ‘உங்களை உங்களுக்குப் பிடிக்குமா?’ என்று யாரும் கேட்பதில்லை.

இதனால்தான் ‘மறைமுகத் தன்மதிப்பு’ என்ற இன்னொரு முன்மொழிவும் வந்தது. கேட்க இயல்பாக இருந்தாலும், மறைமுகம் என்பது நாம் அளக்கும் வழி. அளக்கப்படும் பொருளுக்கு அந்த அடையைக் கொடுத்தால் கருவியின் குணம் பொருளின் குணமாகிவிடும். ஆங்கிலத்தில் ‘இம்ப்ளிசிட்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தித்தான் அத்துறை குழம்பிக் கிடக்கிறது. நாம் புதிதாகச் சொல் ஆக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அளவீட்டுக்கு மறைமுகம் இருக்கட்டும்: ‘மறைமுக அளவீடு’. பொருளுக்கு வேறு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு உள்ளுறை. தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று பிரிக்கிறார். உள்ளுறையில் பொருள் வெளிப்படச் சொல்லப்படாது; சொன்னவற்றின் வழியே கேட்பவர் உய்த்துணர வேண்டும். எழுத்து விருப்பத்திலிருந்தும் மில்லிநொடியிலிருந்தும் தன்மதிப்பை உய்த்துணர்வதும் இதே வகை வேலைதான். இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட நாளிலிருந்து வேறு சொல்லை என்னால் யோசிக்கவே முடியவில்லை. இதற்கு இணையாக, வினாத்தாளில் நேரே சொல்லப்படுவதை ‘வெளிப்படைத் தன்மதிப்பு’ எனலாம்.

இயற்பியலில் ‘லேட்டன்ட் ஹீட்’டுக்கு ‘உள்ளுறை வெப்பம்’ என்ற சொல் இருக்கிறதே, அந்த ‘லேட்டன்ட்’டோடு மோதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வெப்பமானியோ 0 பாகையிலேயே நிற்கிறது. நேர்க்கருவி காட்டாத ஒன்று வேறு வழியில் தெரியவருகிறது என்ற பொருள் நமக்குத் துணையாகவே நிற்கிறது. நேரே அளக்க முடியாமல் பிற அளவுகளிலிருந்து உய்த்துணரும் மாறியை, புள்ளியியலின் ‘லேட்டன்ட் வேரியபிளை’, பெயரிடுவதுதான் உண்மையில் உரசும் இடம், அதற்கு ‘மறைமாறி’ என்று வைத்துக்கொண்டால் தீரும்.

ஒன்றை மட்டும் நாம் மறைக்கக் கூடாது. 2000-இல் பாசன், ஸ்வான், பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மூவரும் இத்தகைய மறைமுக அளவீடுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எழுத்து விருப்பத்தில் மிகுந்தவர் விசைச் சோதனையிலும் மிகுந்தவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் இவை எல்லாம் அளப்பது ஒரே பொருளைத்தானா என்ற ஐயம் எழுகிறது. ‘ஆழ்மன’ என்ற அடை அந்த ஐயத்துக்கு இடமே தராது; மனத்தின் அடியில் ஒரு மெய்யான மதிப்பு புதைந்திருக்கிறது, சோதனை அதைத் தோண்டி எடுக்கிறது என்று வாசகரை நம்பவைத்துவிடும். தம் மனத்தைப் பற்றி ஒரு மாணவி இணையத்தில் தேடிப் படிக்கும்போது, ஒரு சோதனை முடிவை வைத்துத் தம்மையே தாழ்வாக எண்ணிவிட இச்சொல் காரணமாகிவிடக் கூடாது. எனக்கு இது வெறும் சொல்லழகுப் பிரச்சினை அன்று.

சோதனைப் பெயர்கள் பற்றி. விசைச் சோதனைக்கு (ஆங்கிலத்தில் ‘இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட்’) ‘உள்ளுறை இணைவுச் சோதனை’. ‘அசோசியேஷன்’ என்பதற்குத் ‘தொடர்பு’ என்றால் தகவல் தொடர்பு குறுக்கே வரும். நட்டின் கண்டதற்குப் ‘பெயரெழுத்து விளைவு’. பெயரின் தொடக்க எழுத்தை மட்டும் பார்க்கும் அளவீட்டை ‘முதலெழுத்து விருப்பம்’ என்று எழுத வேண்டாம். முதலெழுத்து நம் இலக்கணத்தில் உயிரும் மெய்யுமான முப்பதைக் குறிக்கும். ‘தொடக்க எழுத்து விருப்பம்’ போதும்.

இதை எழுதும்போதே வேறொன்று இடறுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளையும் கொடுத்து மதிப்பிடச் சொல்லிவிடலாம். நமக்கு 247. மாறன் என்பவருக்குச் சொந்தமான எழுத்து ‘மா’வா, ‘ம்’மா? ஜப்பானில் கித்தயாமாவும் கரசாவாவும் என்ற உளவியலாளர்கள் 1997-இல் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துகளை வைத்து இவ்விளைவைக் கண்டார்கள். அவை பெரும்பாலும் ஓர் எழுத்தே ஓர் அசையைக் குறிக்கும் அசையெழுத்துகள் என்பதால் உயிர்மெய்யை அப்படியே ஓரலகாகக் கொள்வது நியாயம் என்று நினைக்கிறேன். அப்படியானால் ‘பெயரெழுத்து’ என்ற நம் சொல்லின் வரையறையிலேயே ‘உயிர்மெய் ஓரலகு’ என்று குறித்துவிட வேண்டும். இலக்கணம் அறிந்தவர்கள் இதை மட்டும் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்; மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் வரைவுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.