புதுப்பிப்பு: அப்பச்சியின் 'கல்லீரல் பிரஷர்'

அப்பச்சி ரத்த வாந்தி எடுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். கையில் பார்த்த பிரஷர் சரியாக இருக்க, கல்லீரலில் பிரஷர் என்கிறார்களே, அது என்ன என்றும் கேட்டிருந்தேன். காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டோம்.

இது வேறு பிரஷர். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஏறுவது; கையில் பட்டை கட்டிப் பார்த்தால் தெரியாது. கல்லீரல் தழும்பேறி இறுகியதும், மடை அடைத்த கண்மாய்த் தண்ணீர் போல ரத்தம் பக்கவழி தேடுகிறது. அப்படி உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்தான் வெடித்திருக்கிறது. மண்ணீரலும் வீங்கி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன.

எண்டோஸ்கோப்பி (வாய்வழியே விடும் கேமராக் குழாய்) வழியாகப் புடைப்புகளில் சின்ன ரப்பர் வளையம் போட்டார்கள். மறுபடியும் போட வேண்டும். கார்வெடிலால் மாத்திரையும் உண்டு, இந்தச் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கத்தான்.

வயிற்றில் நீர் கோத்திருப்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஆத்தா உப்புக்கண்டம், மோர்மிளகாய் ஜாடிகளைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அப்பச்சிக்கு அதுதான் பெரிய வருத்தம். ஆனால் முட்டை, பருப்பைக் குறைக்கக் கூடாதாம். பத்தியம் என்று வெறும் கஞ்சி கொடுப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள், தசை கரைந்துவிடும்.

அப்புறம், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வேண்டவே வேண்டாம். மலம் கன்னங்கரேலென்று போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.