புதுப்பிப்பு: மோதலுக்குப் பின் இடப்புறம் இழுத்த பொலேரோ பிக்கப் – சேஸிஸ் வளையவில்லை

ஆலோசனை வழங்கிய அனைவருக்கும் நன்றி. பின்னால் வந்த லாரி இடது பின்சக்கரத்தில் இடித்த பிறகு, முன்சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்) செய்தும் வண்டி இடப்புறமே இழுக்கிறது, கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கவில்லை, சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வளைந்துவிட்டதா என்று கேட்டிருந்தேன்.

விடை தந்தது, நீங்கள் சொன்ன தூக்குக்குண்டு (நூலில் கட்டிய எடை) யோசனைதான். சமதளச் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, சேஸிஸின் இரு நீளச் சட்டங்களிலும் ஒரே இடத்தில் அமைந்த தொழிற்சாலைத் துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிட்டு, ஒரு பக்கத்து முன் குறியிலிருந்து மறுபக்கத்துப் பின் குறி வரை குறுக்காக அளந்ததில், இரு மூலைவிட்டங்களும் 2 மி.மீ.க்குள் ஒத்திருந்தன. சட்டத்தில் மடிப்போ, பெயின்ட் வெடிப்போ, ஸ்பிரிங் தாங்கிகளின் அருகே விரிசலோ இல்லை. ஆகவே சேஸிஸ் வளையவில்லை.

ஆனால் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்தபோது இடப்புறம் 14 மி.மீ. குறைவாக இருந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடது லீஃப் ஸ்பிரிங்கின் (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்) தகடுகளைப் பிணைத்து ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யு போல்ட்டுகளின் பிடிக்குள்ளேயே பின் ஆக்சிலின் இடது முனை முன்னோக்கி நகர்ந்திருக்கிறது. முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்யும் அலைன்மென்ட் இதைக் காட்டாது. சென்டர் போல்ட்டையும் யு போல்ட்டுகளையும் (கழற்றிய யு போல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது) புதிதாக மாற்றியதும் இழுப்பு நின்றது. இடைவெளி வேறுபாட்டுக்குக் காரணம் கேபினைச் சேஸிஸின் மேல் தாங்கும் கேபின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்ததுதான், அதுவும் மாற்றப்பட்டது.

மூலைவிட்டத்தைச் சக்கரங்களிலிருந்து அளந்திருந்தால், நகர்ந்த ஆக்சிலால் அளவு மாறுபட்டு, நல்ல சேஸிஸை இழுத்து நிமிர்த்தும் வேலைக்கு அனுப்பியிருப்பேன்.