முக்திநாத்திலிருந்து தொராங் லா ஏறலாமா? அன்னபூர்ணா சுற்றுப்பாதை: திசை, தேதி பற்றி ஒரு சந்தேகம்

கடலோரவாசி:
வணக்கம். அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்து நானும் தம்பியும் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதை நடக்கலாம் என்று இருக்கிறோம். அதே சமயம் அப்பாவும் அம்மாவும் முக்திநாத் யாத்திரை வருகிறார்கள். முக்திநாத் கோயிலான திருச்சாளக்கிராமம் சேவிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வெகுநாள் ஆசை. அதனால் போக்ராவிலிருந்து நால்வரும் ஒரே ஜீப்பில் முக்திநாத் போய், சேவித்துவிட்டு, மறுநாள் காலை நாங்கள் இருவரும் அங்கிருந்தே தொராங் லா கணவாய் ஏறி, மறுபக்கம் மனாங் ஊருக்கு இறங்கிவிடலாமா? எல்லாரும் எதிர்த்திசையில்தான் நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது வெறும் வழக்கமா, காரணம் இருக்கிறதா? கையில் மொத்தம் 12 நாள். இருவரும் கடல் மட்டத்தில் வசிப்பவர்கள், உடல்நலம் நன்றாக இருக்கிறது.

மேற்குச்சரிவு:
வெறும் வழக்கமில்லை. தயவுசெய்து திசையை மாற்றுங்கள்.

போக்ரா 820 மீட்டர். முக்திநாத் ஏறக்குறைய 3,700. தொராங் லா 5,416. உங்கள் திட்டப்படி முதல் நாள் ஜீப்பில் 2,900 மீட்டர், மறுநாள் காலால் இன்னொரு 1,700 மீட்டர். 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. உடல்நலம் நன்றாக இருப்பது இதில் காப்பாற்றாது. வேகமாக ஏற முடிகிறவர்தான் பல நேரம் முதலில் படுக்கிறார்.

மேற்குப் பக்கம் முக்திநாத்துக்கு மேலே சாபர்பு என்ற இடத்தில் (சுமார் 4,200) சில டீக்கடைகளும் படுக்கைகளும் சீசனில் இருக்கும். அதைத் தாண்டினால் கணவாய் வரை தங்க ஒன்றும் கிடையாது. கிழக்குப் பக்கமோ படிக்கட்டு மாதிரி: மனாங் 3,540, யாக் கர்க்கா 4,050, தொராங் பேதி 4,450, ஹை கேம்ப் ஏறக்குறைய 4,900. எங்கே தலை வலித்தாலும் அங்கேயே நின்றுவிடலாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, கணவாயைத் தாண்டியபின் என்ன ஆகிறது என்பது. கிழக்கிலிருந்து வந்தால், உச்சியில் உடம்பு சரியில்லை என்றாலும் நாலைந்து மணி நேரத்தில் 1,700 மீட்டர் இறங்கிவிடுவீர்கள். உயர நோய்க்கு இறக்கத்தைவிடச் சிறந்த மருந்து இல்லை. மேற்கிலிருந்து போனால் அன்று இரவு தொராங் பேதியில், 4,450 மீட்டரில். மறுநாளும் 4,000 பக்கம்தான். ஏறும்போது தவறு செய்தவரை மலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

12 நாளில் இப்படிப் போடலாம். காத்மாண்டுவிலிருந்து பெசிசஹார் வழியாக ஜீப்பில் சாமே (2,670). சாலை மோசம், ஒரு நாளில் முடியாவிட்டால் தாராபானியில் தங்குங்கள். ஜீப் இப்போது மனாங் வரைக்குமே போகிறது, ஆனால் அதில் ஏறாதீர்கள். முக்திநாத் ஜீப்பில் உள்ள அதே ஆபத்துதான். சாமேயிலிருந்து மேல் பிசாங் (3,300). மறுநாள் கீழ்ச்சாலையை விட்டுவிட்டு கியாரு வழியாக ங்கவால் (3,660). கியாரு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும்; அந்த உயரத்தில் நடந்து பழகுவதற்கே இந்த வழி. பிறகு மனாங், அங்கே இரண்டு இரவு. ஓய்வு நாளில் படுத்துக் கிடக்காமல் 4,600 மீட்டரில் உள்ள ஐஸ் லேக் பக்கம் முடிந்தவரை ஏறிவிட்டுத் தூங்க மனாங்குக்கே இறங்குங்கள். சீசனில் அங்குள்ள ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ நிலையத்தில் பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள், கட்டாயம் போய்க் கேளுங்கள். அடுத்து யாக் கர்க்கா, பேதி, கணவாய், முக்திநாத். தடையில்லாமல் போனால் எட்டாவது அல்லது ஒன்பதாவது நாள் முக்திநாத்தில் இருப்பீர்கள்.

வங்கக்கடல்:
திசை பற்றிச் சொல்லிவிட்டார்கள். தேதிக்கு வருகிறேன்.

அக்டோபர் முதல் வாரம் முதல் நவம்பர் நடு வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை மழை. மனாங் மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே அவ்வளவு தெரியாது, ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டிய பெசிசஹார் சாலையில் நிலச்சரிவும் அட்டையும் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாய் பனியில் மூடும், மேலே விடுதிகள் சிலவும் பூட்டிவிடும். மார்ச், ஏப்ரலும் நடக்கலாம். மார்ச்சில் கணவாயில் பழைய பனி கிடக்கும், ஏப்ரல் கடைசியில் புகைமூட்டம்.

ஆனால் அக்டோபர் என்றாலே வானம் தெளிவு என்று நம்பிப் போகாதீர்கள். நம் ஊரில் புயல் சின்னம் பார்க்கும் அதே மாதங்கள் இவை. 2014 அக்டோபர் 12-ம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து 14-ம் தேதி தொராங் லாவில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கடற்கரையில் கரை கடந்ததற்கும் மலையில் பனி விழுந்ததற்கும் நடுவே இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

ஆகவே மனாங்கை விடும் முன் வங்கக்கடலைப் பாருங்கள். ஆந்திரா, ஒடிசா பக்கம் புயலோ தாழ்வு மண்டலமோ கரை கடந்து வடக்கே திரும்பினால் மனாங்கிலேயே உட்காருங்கள். பேதியில் காத்திருக்கலாமே என்று தோன்றும். கூட்டமும் அதிகம், பனி விழுந்தால் பேதிக்கும் யாக் கர்க்காவுக்கும் நடுவில் உள்ள சரிவுப் பாதையே அடைபடும். புதுப்பனி நின்றதும் முதல் ஆளாகக் கிளம்பவும் வேண்டாம், ஒரு நாள் விடுங்கள்.

அக்டோபர் நடுவை விட, மூன்றாம் வாரத்துக்குப் பின் கணவாயில் இருக்கும்படி வைத்தால் கூட்டம் கொஞ்சம் குறையும், குளிர் கூடும். நேபாளத்தின் தசைன் பண்டிகை நாட்களில் காத்மாண்டு பஸ், ஜீப் கிடைப்பது கஷ்டம், அதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரவாசி:
இருவருக்கும் நன்றி. திசையை மாற்றிவிட்டேன். அப்படியானால் பெற்றோரை எந்தத் தேதியில் முக்திநாத் வரச் சொல்வது? உயர நோய்த் தடுப்பு மாத்திரையான டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் ஒன்றிரண்டு நாள் மிச்சம் பிடிக்கலாமா?

மேற்குச்சரிவு:
பிடிக்கக் கூடாது. டயமாக்ஸ் உடல் பழகுவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், அவ்வளவே. தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்பா ஒவ்வாமை இருந்தால் ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மாத்திரை போட்ட பிறகும் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும் வரை காத்திராமல் இறங்க வேண்டும்.

காளிகண்டகி:
பெற்றோர் விஷயத்துக்கு. கணவாய்க்குத் தேதி குறிக்காதீர்கள், சந்திப்புக்குக் குறியுங்கள். கணக்குப்படி ஒன்பதாவது நாள் வருவீர்கள் என்றால், அவர்களை 11-ம் நாள் முக்திநாத்துக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தால் ஆபத்தில்லை. அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்புதான் மோசமான வானிலையிலும் ஆளைக் கணவாய்க்குத் துரத்தும். அன்றே எல்லாருமாக ஜொம்சொம் இறங்கிவிட்டால் 12-ம் நாள் போக்ரா. ஊர் திரும்பும் டிக்கெட்டை அதற்கு மறுநாளுக்குப் போடுங்கள்.

பெற்றோரும் ஒரே மூச்சில் 3,700 ஏற வேண்டாம். மார்பா அல்லது ஜொம்சொமில் (இரண்டும் 2,700 பக்கம்) இரண்டு இரவு தங்கி, காலையில் ஜீப்பில் மேலே போய் சேவித்துவிட்டு அன்றே ஜொம்சொம் இறங்கட்டும். கோயிலின் 108 தாரைகளில் நீர் உறைகிற குளிர். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குப் படியேற்றம் உண்டு, குதிரை கிடைக்கும்.

நீங்கள் முதலில் கேட்ட, முக்திநாத்திலிருந்து ஏறும் திசைக்கு நியாயமாகச் சொல்லக்கூடிய சாதகம் ஒன்று உண்டு, காற்று. ஜொம்சொம் இருக்கும் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் 10, 11 மணிக்குத் தெற்கிலிருந்து கிளம்பும் காற்று மாலை வரை விடாது. ஜொம்சொம் விமானங்கள் காலையிலேயே முடிந்துவிடுவதும் அதனால்தான். நீங்கள் கீழே நடந்தால் அது நேரே முகத்தில் மணலை வாரி அடிக்கும். முக்திநாத்துக்குக் கீழே உள்ள காக்பேனியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அது எழும்பும் முன் ஜொம்சொம் தாண்டிவிடலாம்.

கணவாய் நாளிலும் இதே கதை. பேதியிலிருந்து நாலு மணிக்குக் கிளம்புவதற்குக் காரணம், உச்சியில் ஒன்பது பத்துக்கு மேல் காற்று நிற்க விடாது. அந்த நேரத்துக் குளிரில் உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை அரை மணியில் அடைத்துக்கொள்ளும். அகல வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, பையில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும். பாட்டிலை நிமிர்த்தினால் அது அடிப்பக்கம் இருக்கும், வாய்ப்பக்கம் தண்ணீர் வரும்.