நிலைக்கதவு மனதில் நிற்க மாட்டேன் என்கிறது

காரைக்குடி பென்சில்:
ஞாயிறுதோறும் கானாடுகாத்தான் போய்ப் பழைய வீடுகளை வரைகிறேன். எதிரில் வீடு இருக்கும்வரை கை நன்றாக ஓடுகிறது. திரும்பி வந்து அதே நிலைக்கதவை ஞாபகத்திலிருந்து போட்டால் மேலே கஜலட்சுமி இருந்தது மட்டும்தான் தெரிகிறது, பக்கத்தில் என்ன செதுக்கியிருந்தது, முகப்பில் தூண் எத்தனை, ஒன்றும் வரவில்லை. மூன்று மாதமாக இதே கதை. பழகினால் வருமா, இல்லை பிறவியிலேயே இருக்க வேண்டுமா?

திண்ணைவாசி:
வரும் தம்பி. பாரிஸில் லெகோக் த புவாபோதிரான் என்ற ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தனிப் பயிற்சியாகக் கொடுத்தார், சிற்பி ரோடின் அவரிடம் படித்தவர்தான். எளிய உருவத்தில் தொடங்கித்தான் மேலே போவார்கள். நீங்கள் எடுத்த எடுப்பில் முழு நிலைக்கதவுக்குப் போய்விட்டீர்கள். கதவு வளையம் ஒன்று போதும். ஒரு நிமிடம் பாருங்கள், திரும்பி உட்கார்ந்து வரையுங்கள், அப்புறம் கட்டாயம் மறுபடி பார்த்துத் தப்பைச் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். திருத்தாமல் தினமும் வரைந்தால் தப்புதான் மனப்பாடம் ஆகும். தூரத்து வீடு என்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வரைந்து முடிக்கும்வரை திறக்கக் கூடாது.

ஆச்சி பேத்தி:
எங்கள் ஆச்சியிடம் கோல நோட்டே கிடையாது. கல்யாண வீட்டில் பார்த்த கோலம் மறுநாள் எங்கள் வாசலில் இருக்கும். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, இதை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். நீங்களும் எண்ணுங்கள் அண்ணே, அகலத்தைப் போல உயரம் எத்தனை மடங்கு என்று சொல்லிப் பாருங்கள்.

பட்டறைப் பக்கம்:
வெறுமனே பார்ப்பதால் பதியாது. 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் ஒரு சென்ட் காசை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள், தினமும் கையில் புரளும் காசு, பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரவில்லை. நம்பாவிட்டால் பத்து ரூபாய் நாணயத்தை வரைந்து பாருங்கள். எனக்கு ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ மனதில் நின்றது எப்போது தெரியுமா, கண்ணாடிமேல் அச்சை வைத்து அச்சின் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்ட் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த அன்றுதான். எது முதலில், எது அடுத்து என்று தெரிந்துவிட்டது, அந்த வரிசையிலேயே வரைகிறேன்.

காரைக்குடி பென்சில்:
நேற்று எங்கள் வீட்டுக் கதவு வளையத்தைப் போட்டேன். பின்னால் இருக்கும் தகடு வட்டம் என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் எட்டு இதழ்! பிறந்ததிலிருந்து அந்தக் கதவைத் தள்ளித்தான் உள்ளே போகிறேன். தாளில் பென்சிலைவிடச் சிவப்புதான் அதிகம். இந்த வாரம் முழுக்க அதே வளையம்தான்.